மூக்கை அளந்தவர்களும் மரபணுவை வாசிப்பவர்களும்

ஓசூர் பேருந்து நிலையத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற சனத்தின் நெரிசல் தெரியும். ஜுஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் வந்துவிடும். பிறகு சந்தாபுரம், பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. கட்டடம் கூட்டுகிறவர்கள், கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறவர்கள், காண்ட்ராக்ட் லேபர், செக்யூரிட்டி. இவர்களில் பலரும் நம் காலனிகளிலிருந்து போகிறவர்கள். இந்தச் சாலையோரத்தில்தான் பொம்மசந்திராவில் மெட்ஜீனோம் என்கிற கம்பெனி இருக்கிறது. 2013இல் தொடங்கியது. மனித ரத்தத்திலிருந்தும் எச்சிலிலிருந்தும் மரபணுவை எடுத்து எழுத்தெழுத்தாக வாசிக்கிற இடம். எலக்ட்ரானிக் சிட்டிக்குள்ளே மனித மரபியல் மையம் இருக்கிறது. பெங்களூர் நகரத்துக்குள் இந்திய அறிவியல் கழகம். அதன் மூளை ஆய்வு மையம்தான் பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியை வாசித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்துக்குத் தலைமை. நம் சனங்க வாசலைக் கூட்டிவிட்டு வருகிற தெருவில் உட்கார்ந்துகொண்டு, யாருடைய ரத்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சிலர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிப் படித்ததில் என்ன கண்டார்கள், அது நமக்கு எதற்கு என்பதைப் பேசவே இதை எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவள் அல்ல. தமிழ் எம்.ஏ. ஆனால் சாதியை ரத்தத்தில் தேடுகிற வேலை இந்த மெஷின்களோடு தொடங்கியதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாற்றில் நம் உடல்தான் கச்சாப்பொருள்.

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்றைக்கும் ஒவ்வொரு சாதிச் சங்கமும் தன் பெருமைக்கு அதிலிருந்துதான் மேற்கோள் எடுக்கிறது. அந்த மனிதர் இடுக்கி அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார். வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி ஏற்கெனவே ஒரு விதி சொல்லியிருந்தார்: மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதிப்படி கீழே இறங்கும். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் ஆணையர்.

தர்ஸ்டன் தன் முன்னுரையில் வேடிக்கைபோலச் சில சம்பவங்களைச் சொல்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்லவர்களாகப் பொறுக்கிப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைக்கப்போகிறார் இந்தத் துரை என்று பயந்தார்களாம். நீலகிரியில் ஏதோ பழைய குற்றத்துக்காகத் தேடப்பட்ட ஓர் இருளர், உயரம் அளக்கிற கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லிப் பக்கத்தில் வர மறுத்துவிட்டாராம். துரைக்கு அது சிரிப்பு. எனக்கு என்னமோ அந்த இருளருக்குத்தான் மானுடவியல் சரியாகப் புரிந்திருந்தது என்று தோன்றுகிறது. அளப்பதற்கும் தூக்கில் போடுவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது அளக்கப்படுகிறவனுக்குத்தானே தெரியும். 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது.

எழும்பூரில் தர்ஸ்டன் மூக்களவுகளைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே பட்டணத்தின் இராயப்பேட்டையில், 1907இல், பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தத் தொடங்கினார். அவர் மூக்கை அளக்கவில்லை. சொல்லை அளந்தார், சுவடியை அளந்தார். 'பறையன்' என்ற பெயர் எப்படி ஒட்டவைக்கப்பட்டது, யார் ஒட்டவைத்தது என்று கேட்டார். இழிவு உடம்பில் இல்லை, வரலாற்றில் நடந்த ஒரு வேலை அது என்பதுதான் அவர் வாதத்தின் அடித்தளம்.

அம்பேத்கர் இதை இன்னும் கறாராகச் சொன்னார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இருபத்தைந்து வயதில் வாசித்த கட்டுரை அது. சாதியின் சாரம் அகமணம், வேறெதுவும் அதன் விளைவு என்றார். இந்தியச் சமூகம் அடிப்படையில் புறமணச் சமூகமாக இருந்தது. அதன்மேல் அகமணம் ஏற்றிவைக்கப்பட்டது. ஒரு வர்க்கம் தன்னைச் சுற்றிக் கதவை அடைத்துக்கொண்டதும் மற்றவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள், அல்லது பார்த்துப் பழகினார்கள் என்பது அவர் காட்டும் சித்திரம். கதவை மூடிவைக்கத்தான் உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் பால்ய விவாகமும். அதாவது கதவின் தாழ்ப்பாள் பெண்ணின் உடம்பில் போடப்பட்டது. பிறகு 1948இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில் மூக்களவுப் பட்டியல்களையே கையிலெடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்து, இந்த அளவுகளின்படியே பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம்தானே என்று திருப்பிக் கேட்டார். அளந்தவன் கையிலிருந்த அளவுகோலைப் பிடுங்கி அவனையே அளந்தது அது.

அகமணம்தான் சாதி என்று அவர் சொன்னபோது அதைச் சோதித்துப் பார்க்கக் கருவி கிடையாது. இப்போது இருக்கிறது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழ் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். மனிதனின் மரபணுத் தொகுதி நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு சுவடி. மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து. முதன்முதலில் ஒரு சுவடியை வாசிக்க 1990இலிருந்து 2003 வரை ஆயிற்று. திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் சுமார் 300 கோடி டாலர். பிறகு கேம்பிரிட்ஜில் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மேனும் வேறொரு வழி கண்டார்கள். சுவடியைப் பல கோடித் துண்டுகளாகக் கிழித்துவிடுவது. துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஒவ்வொன்றையும் பிரதியெடுப்பது. பிறகு ஓர் எழுத்து சேரும்போதெல்லாம் அதற்குரிய நிறத்தில் ஒளிரும்படி செய்து படம் பிடிப்பது. அத்தனை துண்டும் ஒரே நேரத்தில் வாசிக்கப்படும். கடைசியில் கம்ப்யூட்டர் துண்டுகளைப் பொருத்தி ஏட்டை முழுசாக்கும். 1998இல் இதற்கென சொலெக்சா என்று கம்பெனி தொடங்கினார்கள். 2007இல் அமெரிக்க இல்லுமினா அதை வாங்கிக்கொண்டது. இன்று ஒரு மனிதச் சுவடியைச் சில நூறு டாலரில், சில நாளில் வாசித்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான சுவடிகளை அடுக்கிவைத்துப் பாடபேதம் பார்க்கலாம் என்கிற நிலை இப்படித்தான் வந்தது. உ.வே.சா. காலத்துப் பதிப்பாசிரியன் செய்த வேலைதான். எந்தப் பிழை எந்தப் பிரதியிலிருந்து எந்தப் பிரதிக்குப் போனது என்று பார்த்தால் யார் யாரிடமிருந்து படியெடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

சாதி பற்றிய முதல் பெரிய முடிவுகள் முழுச் சுவடியை வாசித்து வந்தவை அல்ல. சுவடியில் ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்களை மட்டும் லட்சக்கணக்கில் பொறுக்கிப் பார்க்கும் சில்லுகளால் வந்தவை. 2009இல் ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரைப் பார்த்தார்கள். மாலா, மாதிகா, வைசியர், வெலமா, காஷ்மீரப் பண்டிதர் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. துணைக்கண்டத்தின் பெரும்பாலான குழுக்களில் இரண்டு பழைய மூதாதைக் கிளைகள் கலந்திருக்கின்றன, விகிதம்தான் வேறு என்று கண்டார்கள். 2013இல் 73 குழுக்களுக்கு விரிவாக்கி, அந்தக் கலப்பு நடந்த காலத்தையும் கணக்கிட்டார்கள். இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில் கலப்பு நடந்திருக்கிறது. பில், சமார், கள்ளர் என்று ஒதுங்கியிருந்ததாக நினைக்கப்பட்டவர்களிடமும் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு நின்றுபோகிறது.

காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முழுக் கரும்பைத் தலைமுறைக்கு ஒரு தரம் வெட்டிக்கொண்டே போனால் துண்டின் நீளத்தைப் பார்த்து எத்தனை வெட்டு விழுந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அப்படி. இரண்டு கிளை கலந்தபோது நீளமாயிருந்த துண்டுகள் தலைமுறைக்குத் தலைமுறை குட்டையாகும். நீளத்தை அளந்தால் தேதி கிடைக்கும்.

2016இல் கல்யாணி தேசிய உயிரிமருத்துவ மரபணுவியல் நிறுவனத்தின் அனலவ பாசு, பார்த்த மஜூம்தார் குழு 367 பேரைப் பார்த்துவிட்டு, பல ஆதிக்க சாதிகளில் கலப்பு நின்று அகமணம் இறுகியது சுமார் 70 தலைமுறைக்கு முன்பு, குப்தர் காலத்தையொட்டி என்றது. எந்த சாஸ்திரம் எப்போது எழுதப்பட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நம் ஆராய்ச்சியாளர்களுக்கு இது ஒரு செய்தி. அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு, அதை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டதாக எனக்கு நினைவில்லை. ஆதிக்கக் குழுக்களின் மரபணு பழங்குடிகளுக்குள் போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. இது மேட்டுக்குடி ஆதிக்கத்தோடும் ஆணாதிக்கத்தோடும் பொருந்துகிறது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். கதவு அடைத்திருந்தது. ஆனால் அதில் ஒரு திட்டிவாசல், ஆண்டை வெளியே போய்வர மட்டும். நம் பாட்டிமார்கள் சொன்ன கதையை நாம் எழுதியபோது 'மிகை' என்றார்கள். இதை என்ன சொல்வார்களோ.

எல்லா ஆய்வும் ஒரே தேதியைச் சொல்லவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழு தமிழ்நாட்டின் 31 அகமணக் குழுக்களிலிருந்து 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்து 2012இல் வெளியிட்டது. குழுக்கள் பிரிந்தது சாதி முறைக்கு முன்னாலேயே, விவசாயம் பரவிய காலத்தில் என்றது. இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, சாதி இயற்கையாக வந்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. ஒய் குரோமோசோம் தகப்பன் வழி ஒன்றை மட்டும்தான் சொல்லும். வேறு வேறு தொழில் செய்த குழுக்கள் முன்பே இருந்திருக்கலாம். குழு இருப்பது வேறு, குழுவைப் படிக்கட்டில் அடுக்கிப் பெண் கொடுக்காதே என்று பூட்டுவது வேறு.

இந்த இடத்தில் நம் பக்கத்தவர்களிடமும் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். ஓசூரில் மூன்று 'ஆதி'கள் சந்திக்கின்றன. ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர், ஆதி கர்நாடகர். ஒரே காலனியில் மூன்று பெயருக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ், சந்தையில் கன்னடம். 1922இல் எம்.சி. ராஜா போன்றவர்கள் போராடி 'ஆதி' என்ற சொல்லை அரசாங்க ஏட்டில் ஏற்றியது இழிபெயரைத் துடைக்க. அது மகத்தான காரியம். ஆனால் இப்போது சில மேடைகளில், 'விஞ்ஞானமே சொல்லிவிட்டது, நாம்தான் கலப்பில்லாத பூர்வகுடி' என்று தோழர்கள் பேசுகிறார்கள். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. கலப்பில்லாதவன் யாருமில்லை என்பதுதான் அது சொன்னது. தூய ரத்தம் என்கிற சரக்கு பார்ப்பனியத்தின் கடையில் விற்பது. நாம் ஏன் அந்தக் கடையில் கடன் சொல்ல வேண்டும்? நாம் மனிதர்கள் என்பதற்கு ஐயாயிரம் வருஷப் பட்டா தேவையில்லை. அந்தப் பட்டாவின் லட்சணம் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டிலேயே தெரியும். மாநிலம் மாறிப் பிழைக்க வந்தவருக்கு அடுத்த மாநிலத்தில் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது என்பது 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அதே ரத்தம்தான், பஸ்ஸில் பத்து நிமிஷப் பயணம், சான்றிதழ் செல்லாது. சேரியில் குடியிருப்பது மட்டும் இரண்டு பக்கமும் செல்லும்.

இனி நோய்க்கு வருகிறேன், அங்கேதான் எனக்குச் சொந்த வழக்கு.

என் அக்காவைத் தாய்மாமனுக்குக் கொடுத்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் இது சாதாரணம். எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரிலும் மைசூரிலும் 1980களில் பிட்டில்ஸும் அப்பாஜி ராவும் பார்த்தபோது மூன்றில் ஒரு திருமணம் சொந்தத்துக்குள் நடந்ததாக இருந்தது. அக்காவின் மூத்த பையனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பத்து வருஷம் தாயத்தும் ஆஸ்பத்திரியுமாக அலைந்த பிறகு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். மாமாவின் ஒரு மாதச் சம்பளம் போயிற்று. ரிப்போர்ட் வந்தது. ஜி.ஜே.பி.2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் ஒரு புரதம் இருபத்து நாலாவது இடத்திலேயே நின்றுபோகிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்ததால் காது கேட்கவில்லை. இந்தியாவில் பிறவிச் செவிடுக்கு அடிக்கடி காணப்படுகிற மாற்றம்தான் அது. சாமி குத்தம், அக்கா கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தது என்று பத்து வருஷமாக அவள் தலையில் ஏற்றிவைத்திருந்த பழி அந்த ஒற்றைத் தாளில் இறங்கியது. அதற்காகவே இந்த விஞ்ஞானத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னார், 'சொந்தத்துல கட்டாதீங்க, பொண்ணுக்காவது வெளியில பாருங்க.'

அக்கா வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: 'வெளியிலன்னா எவ்ளோ வெளியிலடி?'

கேள்வி சரியான கேள்வி. 2017இல் 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களின் 2,800க்கும் அதிகமான ஆட்களைப் பார்த்த ஆய்வொன்று வந்தது. அதில் 81 குழுக்களின் நிலைமை பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட மோசம் என்றது. பரம்பரை நோய்க்கு உலகம் உதாரணம் காட்டுகிற இரண்டு சனங்கள் அவர்கள். கொஞ்சம் பேராகத் தொடங்கி, பல நூறு வருஷம் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டதன் விளைவு இது. சொந்தமே இல்லாத மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சாதி என்றால், ஒரே பிழையை இரண்டு பேரும் சுமந்திருக்க வாய்ப்புண்டு. ஆக, 'சொந்தத்தில் கட்டாதே' என்று நிறுத்திக்கொள்கிற டாக்டர் பாதிதான் சொல்கிறார். மீதிப் பாதியைச் சொன்னால் கிளினிக்கை யாராவது அடித்து நொறுக்குவார்கள் என்ற பயமோ என்னவோ.

ஆரிய வைசியர்களிடம் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தசையைத் தளர்த்தக் கொடுக்கிற ஒரு மருந்து சாதாரணமாகச் சில நிமிஷத்தில் இறங்கிவிடும். அவர்களில் சிலருக்கு இறங்காது; மூச்சுத் தசை மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். அந்த மருந்தை உடைக்கும் நொதி அவர்கள் உடம்பில் வேலை செய்வதில்லை. அதற்குக் காரணமான எழுத்து மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். கதவைத் தாழிட்டவன் வீட்டுக்குள்ளும் காற்று கெட்டுப்போகும். இதில் எனக்குக் குரூர சந்தோஷம் ஒன்றுமில்லை. சாகிறது குழந்தைகள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. இதயத் தசையின் ஒரு மரபணுவில் 25 எழுத்து விடுபட்டுப் போயிருக்கிறது, நடுவயதில் இதயத்தைப் பலவீனமாக்குகிறது என்று பெருந்துறை தண்டபாணி, தங்கராஜ் குழுவினர் 2009இல் எழுதினார்கள். அது தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது, சாதி வித்தியாசம் பாராமல். ஏனென்றால் அது சாதிகள் பூட்டப்படுவதற்குப் பல்லாயிரம் வருஷம் முன்னால் பிறந்த பிழை. அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் பொதுவான சொத்து.

அக்கா கேட்ட 'எவ்ளோ வெளியில' என்பதற்கு எங்கள் ஊரில் அளவு வைத்திருக்கிறார்கள். 2018இல் ஓசூர் அருகே சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞனும் ஒரு வன்னியப் பெண்ணும் கலியாணம் செய்துகொண்டார்கள். நவம்பரில் இருவரையும் கடத்திப்போய்க் கொன்று, கர்நாடகத்தில் சிவசமுத்திரம் பக்கம் காவிரியில் போட்டார்கள். அந்தப் பையன் போட்டிருந்த அம்பேத்கர் பனியன்தான் பிணத்தை அடையாளம் காட்டியது. டி.என்.ஏ. அல்ல. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே தலித் பெண்ணைக் கட்டிய மகனையும், அவனுக்காகக் குறுக்கே வந்த தன் தாயையும் வெட்டிக் கொன்றான் ஒரு தகப்பன். இரண்டாயிரம் வருஷக் கணக்கைக் கரும்புத் துண்டு அளந்து சொல்கிறார்கள் என்றேனே, அந்தக் கணக்கு இப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது. 'கலப்பு நின்றுபோனது' என்று ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரி. நின்றுபோகவில்லை, நிறுத்தினார்கள்.

சரி, இந்த ரத்தமெல்லாம் யாருடையது, எங்கே இருக்கிறது? 2019இல் வெளியான ஜீனோம் ஏசியா முன்னோட்ட ஆய்வு 64 நாடுகளிலிருந்து 1,739 பேரை வாசித்தது; பொம்மசந்திராக் கம்பெனி அதில் கூட்டாளி. ஜீனோம் இந்தியா 2020இல் தொடங்கி 20,000 பேரிடம் ரத்தம் எடுத்து, பத்தாயிரம் பேரின் முழுச் சுவடியை வாசித்து, 2025 ஜனவரியில் தரவைப் பரிதாபாத்திலிருந்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதன் முதல் அறிக்கையில் குழுக்களைப் பழங்குடி 32, பழங்குடியல்லாதவை 53 என்று பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினையில் ஊரும் சேரியும் ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன. எந்த நோய் யாரிடம், அவனுக்கு எந்த ஆஸ்பத்திரி எட்டும் என்ற கேள்வி வரும்போது அந்தப் பெட்டி நமக்கு உதவாது. சாதிப் பெயரைப் பகிரங்கமாகப் போட்டு 'இவர்கள் நோய்ச் சாதி' என்று முத்திரை குத்தினால் அது புதிய தீட்டு. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்பதை முடிவுசெய்கிற மேசையில் நம்மவர்களுக்கு நாற்காலி வேண்டும்.

போலீஸ் மேசை இன்னும் மோசம். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரணையில் டி.என்.ஏ. சோதனைக்குத் தலித்துகளையே அழைத்தார்கள். நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள், எங்கள் ரத்தம் எதற்கு என்று சிலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் அதே மக்களில் மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை. 2022இல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டம் கைதாகிறவரின் உயிரியல் மாதிரிகளை எடுத்துவைக்கப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. டி.என்.ஏ. தகவலை ஒழுங்குபடுத்த 2019இல் கொண்டுவந்த மசோதாவை 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே 2023 ஜூனில் நம் மாவட்டத்துப் புலியாண்டப்பட்டிக் குறவர் சனங்களைச் சித்தூர் போலீஸ் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. எந்தக் காலனியின் ரத்தம் முதலில் போலீஸ் கோப்புக்குள் போகும் என்று யூகிக்கச் சோதிடம் தேவையில்லை. உயரக் கம்பத்தைத் தூக்குமரம் என்ற இருளர் ஞாபகம் வருகிறார்.

நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் காலனியில் ரத்தசோகை முகாம் என்று ஒரு வேன் வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். இங்கிலீஷ் பாரத்தில் கைநாட்டு. அம்மாவிடம் இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். ஒன்று சோகைக்கு, இன்னொன்று எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சாதிப் பெயரையும் தாய்மொழியையும் பாட்டன் ஊரையும் எழுதிக்கொண்டார்கள். சோகைக்கு ஏன் பாட்டன் ஊர்? முடிவும் வரவில்லை, வேனும் வரவில்லை. அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்: 'ஏன்டி, ரத்தம் எடுத்துக்கினு போனாங்களே, என்னா ஆச்சு?'

ரத்தம் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாளணு நோய்க் கூறு இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952இலேயே கண்டு எழுதினார்கள். அதை ஒழிக்கத் தேசிய இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கியது. எழுபத்தோரு வருஷம். சோதனை வேண்டாம் என்று யாரும் தடுத்ததால் வந்த தாமதமா அது? சோதனை வேண்டும், வைத்தியமும் வேண்டும், முடிவை நம் மொழியில் நம் கையில் தர வேண்டும்.

ஆகவே போன மாதம் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். வேன் வந்தால் காலனியில் கேட்க வேண்டிய கேள்விகள். எத்தனை குழாய், எதற்கு? முடிவை எப்போது தருவீர்கள்? நோய் என்று தெரிந்தால் வைத்தியம் யார் பொறுப்பு? எங்கள் சாதிப் பெயரை எங்கே எழுதுவீர்கள், யார் படிப்பார்கள்? போலீஸ் கேட்டால் கொடுப்பீர்களா? அம்மாவும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்: வேண்டாம்னு திருப்பிக் கேட்டா குடுப்பீங்களா? தமிழில் அடித்தாகிவிட்டது. தெலுங்கில் எழுதித்தர பாகலூர்த் தோழர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கன்னடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.